பால் ஐயமும் பெரியோர் கடனும்

தோன்றும் உரு மக்களுள் ஒருவரது என்பது துணியப்பட்டு, அவர் ஆண்பாலரோ பெண்பாலரோ என்பது துணியப்படாதவழி, அவரை ஒருமையாற் கூறாது பன்மையாற் கூறுக என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்துள் விதித்தார். இது பால் ஐயம் எனப்படும். திணை ஐயம் என்பது வேறு. அஃது, ஆங்கு நிற்பது மனிதனோ கட்டையோ என ஐயுறுவது. பால் ஐயத்திற்கு விதித்த பன்மை உயர்வு கருதியதன்று, ஐயம் கருதியதே என்பர், உண்மை. எனினும், அறியாததை அறிந்தது போலக் கூறாத அடக்கம் அதன்கண் உண்டு. பாலில் ஐயம் நிகழ்ந்தபோதும் அவர் உயர்திணையார் என்பதில் ஐயம் நிகழவில்லை என்பதும் அதனாற் பெறப்படும்.

இலக்கணம் கூறியது பிறரைக் காணுமிடத்து எழும் ஐயம். அதுவே ஒருவர்க்குத் தம்மிடத்தில் எழுமாயின், எழுந்தவர் இளம்பிள்ளையுமாயின், அவரைச் சூழ நிற்கும் பெரியோர் செய்யற்பாலது யாது என்பது ஈண்டு ஆராயப்படும்.

உடம்பு மாறத் தொடங்கும் பருவத்தே இவ்வையம் சிலர்க்கு எழுகின்றது. அஃது இருவகைத்து. மகன் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தன்னை மகளாக உணர்தலும், மகள் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தன்னை மகனாக உணர்தலும், இரண்டினும் அடங்காமை உணர்தலும் ஒரு வகை. தன் பால் பற்றி ஐயம் ஒன்றுமின்றியே, தன் விருப்பம் தன்பாலார்மாட்டுச் செல்லக் கண்டு திகைத்தல் மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் பலர். முன்னது தான் யார் என்பது பற்றியது. பின்னது தன் அன்பு யார்மாட்டுச் செல்கின்றது என்பது பற்றியது. ஒன்று உடையார்க்கு மற்றொன்றும் இருந்தே தீரும் என்னும் நியதி இல்லை. சிலர்க்கு இவ்வையம் சின்னாளில் நீங்கும். சிலர்க்குத் துணிவாக முதிரும். சிலர்க்கு நெடுங்காலம் ஐயமாகவே நிற்றலும் உண்டு.

இப்பிள்ளைகள் படும் துயரின் பெரும்பகுதி ஐயத்தால் வருவதன்று. அதனைப் பிறர் அறிந்தால் என்னாகும் என்னும் அச்சத்தால் வருவது. பள்ளியில் உடன்பயில்வோர் நடையைக் கண்டு நகைப்பர். ஓர் எண்ணின் பெயரையே வசவாக்கி அழைப்பர். வீட்டிலோ தாய் அழுவாள், தந்தை கையோங்குவார், பாட்டி மந்திரிப்பவனை அழைத்து வரச் சொல்வாள். இவை யாவும் அன்பினாற் செய்யப்படுவன என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் பிள்ளை இவற்றினின்று அறிந்துகொள்வது ஒன்றே. பாலில் ஐயமுற்று நிற்கும் தன்னை இவர்கள் திணையிலேயே ஐயுறுகின்றனர் என்பது அது. மக்களுள் வைத்து எண்ணப்படாதோம் என்னும் அவ்வெண்ணமே சில பிள்ளைகளை வீட்டைவிட்டு ஓடச் செய்வது. சிலரைத் தம் உயிரையே வெறுக்கச் செய்வதும் அதுவே.

தமிழிலக்கணம் இத்தகையாரைத் திணையினின்று தள்ளியதில்லை. ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை. அஃது உயர்திணைக்கண் நின்று பால் பிரிந்து இசைக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. அச்சூத்திரத்தின்கண் அவர் உடன்வைத்து ஓதியது எதனையோ எனின், தெய்வத்தைச் சுட்டும் பெயரை! தமக்கென ஈறில்லாத இவ்விரண்டு பெயரையும் ஓரிடத்து நிறுத்தி, இரண்டினையும் உயர்திணையாக்கிய அவ்வமைப்பு நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. ஆண்மை திரிந்தார் பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதற்கு இடமில்லை என்று பிறிதொரு சூத்திரத்தால் விலக்கியவரும் அவரே. பவணந்தியார் நன்னூலில் இன்னும் ஒருபடி மேற்சென்று, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலாகவும் வகுத்தார். அவாவுதல் என்னும் சொல்லை நோக்குக. உறுப்பை அளந்து அவர் பால் வகுத்தாரல்லர். உள்ளத்து அவாவைக் கொண்டு வகுத்தார். 2014 ஏப்ரல் 15 இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவர்தம் பாலை அவரே உணர்ந்து கூறும் உரிமை உடையார் என்று தீர்ப்பளித்தபோது, ஈதென்ன புதுமை என்றார் பலர். இலக்கணம் கற்றார்க்கு அது முற்றும் புதிதன்று.

அற்றேல், அந்நன்னூற் சூத்திரத்தின் இறுதியில் இவர்கள் அஃறிணை போலவும் ஆவர் எனக் கூறப்பட்டதே எனின், அது சொன்முடிபு பற்றியது. பொருளின் தகுதி பற்றியதன்று. அரசு, மகவு, குழவி, விருந்து முதலிய பெயர்கள் உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்றார் தொல்காப்பியர். தன்மை திரிந்த பெயரையும் ஆண்டே உடன் எண்ணினார். அரசு வந்தது என்று சொல்லுவதனால் அரசனை விலங்கென்று கருதுவார் ஒருவருமில்லை. குழவி அழுகின்றது என்பதனால் எவரும் குழவியைத் தெருவில் விடுவதில்லை. பேடியை மட்டும் அங்ஙனம் கருதுவது இலக்கணத்தினின்று பெற்றதன்று, தெருவினின்று பெற்றது.

நூல்களில் இகழ்ச்சியே இல்லை என்று சாதித்தலும் நேர்மையாகாது. திருக்குறளில் போர்க்களத்துப் பேடியின் கைவாள் பயனின்மைக்கு உவமையாயிற்று. அச்சமுடையாரை அச்சொல்லால் இகழும் வழக்கு இன்றும் மறைந்திலது. பழஞ்சொல்லிற் படிந்த இகழ்ச்சியை இன்று நம்பி வந்து நிற்கும் ஒரு பிள்ளையின் தலைமேற் சுமத்துதல் எந்நூலும் விதிக்காதது.

இனிச் சித்தாந்தம் கூறுமாறு காண்போம். உயிர் ஆணும் அன்று, பெண்ணும் அன்று, அலியும் அன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவனால் மாயையினின்று உயிர்க்குக் கூட்டப்படுவன. உடற்பால் தனுவைச் சார்ந்தது. இவ்வுயிர் எண்ணிறந்த பிறவிதோறும் எல்லாவகை உடம்பும் எடுத்து வருந்தி வந்தது என்பது சைவர் அனைவர்க்கும் உடன்பாடு. ஆகலின், இன்று தன் ஆண்மை பற்றிப் பெருமிதம் கொண்டு மகனை அடிக்கும் தந்தை, முன்னர் எத்துணைப் பிறவிகளில் எத்துணைப் பேர்க்கு மகளாயிருந்தார் என்பதற்குக் கணக்கில்லை.

இதற்கு மாதொருபாகன் திருவடிவைச் சான்று காட்டுவாரும் உளர். திருச்செங்கோட்டில் அவ்வடிவைக் கண்டு கைகூப்புவார்க்கு உள்ளம் உருகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது சிவமும் சத்தியும் ஞாயிறும் ஒளியும் போலப் பிரிப்பின்றி நிற்றலை உணர்த்துவது. மாயாகாரியமாகிய மக்களுடம்பின் பாலை உணர்த்துவதன்று. அவ்வாறே, அருளாளர் தம்மைத் தலைவியாக வைத்துப் பாடிய பாடல்களை எடுத்துக்காட்டி அவரும் இத்தகையரே என நிறுவப் புகுதலும் பொருந்தாது; அது முறுகிய பத்தியின் நிலை. வலிய சான்று கையிலிருக்க மெலிய சான்றைத் தேடி ஓடுதல் வாதத்தைக் கெடுக்கும். உயிர்க்குப் பாலில்லை என்னும் ஒன்றே ஈண்டைக்குப் போதும்.

விருப்பமோ எனின், உயிர்க்கு ஒன்றன்பால் வேட்கையை எழுப்புவது அராகம் என்னும் தத்துவம். கலையும் வித்தையும் அராகமும் உயிரைப் போகத்திற்கு உரியதாக்கும் கருவிகள். எப்பிள்ளையும் தன் அராகத்தைக் கடையிற் பொருள் தெரிவது போலத் தெரிந்தெடுத்துக் கொண்டு வரவில்லை. பெண்ணை விரும்பும் ஆண்மகனும் அவ்விருப்பத்தை ஆராய்ந்து துணிந்து மேற்கொண்டானல்லன். அஃது அவனுக்கு வந்து பொருந்திற்று. வந்து பொருந்திய ஒன்றற்காக ஒருவனைப் பழித்து, அங்ஙனமே வந்து பொருந்திய வேறொன்றற்காக மற்றொருவனைப் பழியாது விடுதல் நடுவுநிலையன்று. அவ்விருப்பத்தை ஒழுக்க வரம்பினுள் நிறுத்துதலே மக்கட்கு உரிய முயற்சி. அவ்வரம்பு இருவர்க்கும் ஒன்றே.

அளவை நூலாலும் இதனைத் தெளியலாம். சிவஞான சித்தியார் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுக்கும். இவற்றுள் தன்வேதனைக் காட்சியாவது இன்ப துன்பங்களை உயிர் தன் அனுபவமாகத் தானே அறிவது. பல் வலிக்கின்றது என்பானை நோக்கி, உனக்கு வலி இல்லை என்று மறுக்கும் ஆற்றல் மருத்துவனுக்கும் கிடையாது. பிள்ளை தன் உள்ளத்து உணர்வைக் கூறுவது இக்காட்சி பற்றியே. தந்தைக்கும் ஆசிரியர்க்கும் உள்ளதோ நடை, உடை, பேச்சு, நட்பு இவற்றைக் கொண்டு கருதும் அனுமானமே. காட்சியுடையாரை அனுமானமுடையார் வாயடைத்தல் அளவை முறையன்று.

ஆயினும் காட்சியில் ஐயமும் திரிபும் நேர்வது உண்டு. இளமையில் தன்னுணர்வும் தெளிவுறாது நிற்றல் கூடும். அதனை நீக்குவது யாது? தொலைவில் தோன்றும் உருவை ஐயுற்றவன் தன் கண்ணைக் குத்திக்கொள்வதனால் தெளிவதில்லை. வெளிச்சமும், அணுகிக் காணும் வாய்ப்பும், காலமும் கிடைத்தலால் தெளிகின்றான். பெரியோர் அளிக்கற்பாலன இம்மூன்றுமே. இதனால், ஒருநாட் கூறிய சொல்லைப் பற்றிக்கொண்டு நீ இன்னாய் என்று பெயர்சூட்டி முடித்துவிடுதலும் கடனன்று என்பது பெறப்படும். துணிந்து கூறிய பிள்ளையை, இது தானே போய்விடும் என்று புறந்தள்ளுதலும் அத்தகையதே. இருதிறத்தாரும் பிள்ளையின் அறிவைத் தம் அறிவால் முந்திக்கொண்டவராவர்.

பிறக்கும்போதே உறுப்பமைதி ஆணென்றும் பெண்ணென்றும் தெளிவுறாத மகவுகள் உண்டு. அவற்றின் உடம்பை அறுத்து ஒரு பாலுள் அடக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பின் வழியே தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு ஆகஸ்டில், உயிர்க்கு இடர் நேரும் நிலையிலன்றி அத்தகைய அறுவை செய்தலாகாது என்று தடுத்தது. மகவு வளர்ந்து தன்னை உணர்ந்து கூறும்வரை காத்திருத்தல் அத்தடையின் கருத்து. உடம்பின் திறத்தே இத்துணைப் பொறுமை வேண்டப்படுமாயின், உள்ளத்தின் திறத்தே எத்துணை வேண்டப்படும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இது சினிமாவும் கைபேசியும் புகுத்திய கேடு என்பாரும் உளர். தொல்காப்பியர்க்குக் கைபேசி இருந்ததில்லை. அவர்க்கும் விதி செய்யவேண்டி நேர்ந்தது. கைபேசி பிள்ளைகட்குத் தந்தது சொற்களை. முன்னே சொல்லின்றித் தனித்து அழுதவர் இன்று சொல்லோடு வந்து கேட்கின்றனர். கைபேசியிற் பொய்யும் இழிவும் மலிந்துள்ளன என்பது மெய்யே. பிள்ளைகளை ஏமாற்றும் கயவரும் அதன்கண் மறைந்து திரிகின்றனர். வீட்டிற் பேச இடம் பெற்ற பிள்ளைக்கு அக்கயவரைத் தேடிச் செல்லும் தேவை குறையும். மேனாட்டார் வழக்கம் இது என்பார்க்கும் ஒன்று கூறலாம். மேனாட்டினின்று கப்பலேறி வந்தது 1860 இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டச் சட்டத்தின் 377 ஆம் பிரிவே. வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வதற்கு அப்பிரிவு செல்லாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 இல் அத்தண்டச் சட்டமே வழக்கொழிந்தது.

நோய் என்பார் கூற்றும் நில்லாது. தன்பால் விருப்பத்தை உலக நல நிறுவனம் 1990 இல் நோய்ப் பட்டியலினின்று நீக்கிற்று. இந்திய உளமருத்துவர் சங்கமும் 2018 இல் அது நோயன்று என வெளிப்படையாக அறிவித்தது. பாலுணர்வு உடம்போடு பொருந்தாமையும் உளநோய்களின் வரிசையினின்று உலக நல நிறுவனத்தாற் பின்னர் எடுக்கப்பட்டது. நோயல்லாததற்கு மருந்து கொடுத்தால் மருந்தே நோயாகும். மின்னதிர்ச்சியும் மயக்க மருந்தும் பட்டினியும் வேப்பிலையடியும் கொண்டு பிள்ளையை மாற்றித் தருவதாகக் காசு வாங்குவார் பலர் இருந்தனர், இன்னும் ஒழிந்தாரல்லர். தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் இத்தகைய மாற்றும் சிகிச்சையை மருத்துவர்க்கு ஒழுக்கக்கேடு என விதித்தது. வேப்பிலை அடிப்பார்க்கு அவ்வாணையத்தின் கட்டளை எட்டாது. அவர்களை வாயிலில் நிறுத்துவது வீட்டுப் பெரியோர் வேலை.

வினைப்பயன் இது, அனுபவித்தே தீரவேண்டும், இதில் இடைபுகுவது ஏன் என்று வினவும் சைவரும் உளர். கேள்வி பெரிதாகத் தோன்றினும் விடை எளிது. எவ்வுடம்புதான் வினைவழி வாராதது? ஆணுடம்பும் வினைவழி வந்தது; பெண்ணுடம்பும், அரசன் உடம்பும், ஆசிரியன் உடம்பும் வினைவழி வந்தனவே. எல்லார்க்கும் பொதுவாயுள்ள காரணத்தை ஒருவர்க்கு மட்டும் குற்றமாகக் காட்டுதல் அதிவியாத்தி என்னும் வழு. அன்றியும், பிராரத்தம் பிள்ளையுடையதாக, அப்பிள்ளையைக் கடுஞ்சொல்லாலும் தடியாலும் வருத்துவார் ஈட்டிக்கொள்ளும் ஆகாமியம் எவருடையது? அதனை அவர்களே நுகர வேண்டும். காய்ச்சலும் வினைப்பயனே. அதற்காகக் காய்ச்சலுற்ற பிள்ளைக்குக் கஞ்சி கொடாதார் யார்?

திருமணம் செய்துவைத்தால் எல்லாம் சீராகும் என்பது பெற்றோர் பலர்தம் நம்பிக்கை. இவ்வாராய்ச்சியில் இதனினும் கொடியது வேறொன்றில்லை. படிப்பு முடியுமுன்னரே வரன் தேடுவர். பெண் வீட்டார்க்கு ஒன்றும் உரைக்கப்படுவதில்லை. அக்கினி சான்றாக மங்கலநாண் பூட்டப்படுகின்றது. அவ்வக்கினியின் முன் உரைக்கப்பட்ட உறுதிமொழி பொய்யென்பது மணமகனுக்குத் தெரியும். அவன் பெற்றோர்க்கும் தெரியும். தெரியாதவள் மணமகள் ஒருத்தியே. பின்னர் அவள் தன் அழகில் குறை கண்டதாக எண்ணுவாள். தன் குணத்தில் குறை உண்டோ என வருந்துவாள். ஓராண்டு கழிந்ததும் மகப்பேறின்மைக்கு அவளையே சுற்றத்தார் வினவுவர். அவளை அரச மரம் சுற்றச் செய்வதும், மருத்துவமனை வாயிலிற் காத்திருக்கச் செய்வதும் உண்டு. உண்மை வெளிப்படும் நாளில் அவள் இளமை கழிந்திருக்கும். மணமகளே அத்தகையளாயின் அவள் படும் பாடு வேறு. விருப்பமில்லாத உடம்பைக் கடமையென்று ஒப்படைக்குமாறு இரவுதோறும் அவள் கட்டாயப்படுத்தப்படுவாள். ஒரு பிள்ளையின் நிலையை ஊர் அறியாது மறைத்தற்கு அயலார் வீட்டுப் பிள்ளையைத் திரையாக்கும் இச்செய்கையில் பொய்யும் உண்டு, களவும் உண்டு, கொலைக்கு அணித்தாய தீமையும் உண்டு. குடும்ப மானம் காக்கச் செய்தோம் என்பர். மானம் என்பது மெய்யோடு கூடியவழியன்றோ நிற்கும்?

2021 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு ஈண்டு நினைக்கத்தக்கது. மதுரையைச் சேர்ந்த, வயது வந்த இளம்பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்தனர். மகளைக் காணோம் எனப் பெற்றோர் காவல் நிலையத்திற் முறையிட, இருவரும் பாதுகாப்பு வேண்டி நீதிமன்றத்தை அடைந்தனர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளிற் போதிய தெளிவில்லை என்பதை வெளிப்படையாகக் கூறி, உளநூல் வல்லார் ஒருவர்பாற் சென்று கேட்டறிந்தார். அதன் பின்னரே தீர்ப்புரைத்தார். மகளிரையும் பெற்றோரையும் ஆற்றுப்படுத்துவார்பால் அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் 7 இல் அவர் பிறப்பித்த ஆணை, இத்தகையாரை மருந்தால் மாற்ற முயல்வதைத் தடுத்தது. பள்ளி, கல்லூரி, காவல்துறை முதலியவற்றுக்கு நெறிமுறை வகுத்தது. மதிப்போடு அழைக்கும் சொற்பட்டியல் ஒன்று தமிழில் வேண்டும் என்னும் முயற்சிக்கும் அவ்வழக்கே வாயிலாயிற்று. அரசு அப்பட்டியலை 2022 இல் வெளியிட்டது. தீர்ப்பின் பயனைக் காட்டிலும் அதன் முறையே பெற்றோர் கொள்ளத்தக்கது. அதிகாரம் முழுதும் தம் கையிலிருந்தும், அறியாததை அறியாததென்று ஒப்பி, கேட்டபின் பேசினார் ஒருவர். வீட்டிலுள்ள நீதியரசர்கள் கேளாமுன்னரே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்.

அங்ஙனமாயின் பிள்ளை வந்து கூறும் அப்பொழுதில் செய்யற்பாலது யாது? பெரும்பாலும் பேசாதிருத்தலே. அப்பிள்ளை அச்சொல்லைப் பல திங்கள் உள்ளத்தே சுமந்து, கூறுதற்குத் தக்கார் இவர் எனத் துணிந்து வந்துள்ளது. கூறியதற்கு நன்று என்று சொல்லி, நீ எங்கள் பிள்ளை என்பதில் மாற்றமில்லை என்று உறுதி கூறினால் அன்றைக்கு அது போதும். கேட்டதைப் பிள்ளையின் இசைவின்றி மற்றொருவர்க்கு உரைத்தலாகாது; சுற்றத்தார்க்கும் ஆகாது. அடைக்கலப் பொருளைக் காத்தல் போன்றது அது. எப்பெயரால், எச்சொல்லால் அழைத்தல் வேண்டும் என்பதைப் பிள்ளையையே கேட்கலாம். மருந்தும் அறுவையும் பற்றி வினவினால், அவை தகுதியுடைய மருத்துவரோடு காலங்கொண்டு ஆராய்ந்து செய்வன என்று உரைக்க வேண்டும். போலி மருத்துவரிடத்தும் கள்ளத்தனமான அறுவையிடத்தும் பிள்ளைகள் ஓடிச்சென்று உடம்பைக் கெடுத்துக்கொள்வது, வீட்டில் இப்பேச்சுக்கு இடமின்மையாலேயே.

ஒழுக்கம் தளர்ந்துவிடாதோ எனின், தளராது. மாணவப் பருவத்துக்குரிய அடக்கம், கல்வியில் ஊக்கம், பொய்யாமை, பிறர் இசைவின்றி அணுகாமை ஆகியன ஏனைப் பிள்ளைகட்கு எங்ஙனமோ அங்ஙனமே இவர்க்கும் வேண்டப்படும். மிகையாகவும் வேண்டா, குறைவாகவும் வேண்டா. அன்போடு அமர்த்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கே ஒழுக்கம் உரைக்கவும் முடியும். துரத்தப்பட்ட பிள்ளைக்கு எவர் உரைப்பார்?

பிள்ளை உணவை வெறுத்து, உறக்கம் இழந்து, நண்பரை நீங்கித் தனித்திருத்தலையும், இருந்து என்ன பயன் என்பது போன்ற சொற்களையும் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. சாக நினைக்கின்றாயா என்று நேராக வினவுதல் அவ்வெண்ணத்தை விதைக்கும் எனப் பலர் அஞ்சுகின்றனர். அது விதைப்பதில்லை என்பது உளமருத்துவர் துணிபு. தனியே விடாது உடனிருந்து மருத்துவர்பால் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்னும் அரசின் உளநலத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குவது, தமிழிற் பேசலாம். சிறுவர்க்குரிய 1098 என்பதும் உண்டு.

மதுரையிற் பிறந்த நர்த்தகி நடராஜ் அம்மையார் இளமையிலேயே குடும்பத்தைப் பிரிய நேர்ந்தவர். ஆடற்கலையை முறையாகப் பயில விரும்பி, தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையை நாடினார். முதியவராகிய அவ்வாசிரியர் அவர்தம் உடம்பைக் குறித்து வினாத் தொடுத்துக்கொண்டிராது, பல்லாண்டு தம்மோடு வைத்துக் கற்பித்தார். அம்மையார் நாயகி பாவத்திற் சிறந்து விளங்கி, 2019 இல் பத்மஶ்ரீ விருது பெற்றார். 2021 இல் தமிழ்நாட்டு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினருமானார். வீடு கைவிட்டதை ஓர் ஆசிரியர் எடுத்துக்கொண்டார் என்பதே இதிற் காணத்தக்கது. விருது பெறுமளவு ஆற்றலில்லாத பிள்ளைகளுக்கும் அவ்வாசிரியர் போல்வார் வேண்டும். பயன் கருதிக் காட்டும் அன்பு அன்பாகாது. விருது பெற்றாரை மட்டும் மகளே என்று அழைக்க ஊரே முன்வரும்.

இக்கடன் சைவ நன்மக்களின் கைக்கு மிக அண்மையிலேயே உள்ளது. ஊர்தோறும் கோயில் மண்டபங்களில் சிறுவர்க்குத் திருமுறை வகுப்பு நடைபெறுகின்றது. ஆண்பிள்ளைகள் ஒருபுறம், பெண்பிள்ளைகள் ஒருபுறம் என இரு வரிசை. ஐயமுற்ற பிள்ளை எவ்வரிசையில் அமர்வது எனத் திகைத்துச் சில கிழமைகள் தூண் ஓரம் நின்று பார்க்கும், பின்னர் வாராதொழியும். வயிற்றுவலி என்று வீட்டிற் கூறும். நல்ல குரலுடைய பிள்ளை ஏன் நின்றுவிட்டது என்று ஆசிரியரும் அறியார். வரிசையைப் பால் நோக்கி வகுக்க வேண்டும் என்று விதித்த ஆகமம் ஒன்றுமில்லை. தேவாரம் முதற்பாடம் ஓதுவார் ஒருபுறம், பண் பயில்வார் ஒருபுறம், திருவாசகத்திற்கு வந்தோர் ஒருபுறம் என்று பாடம் நோக்கி அமர்த்தினால், கற்பித்தலும் எளிதாகும். தூண் ஓரம் நிற்கும் பிள்ளைக்கும் தன் பாடத்தின் வரிசையில் ஓரிடம் இருக்கும்.